மூன்று குடம் தண்ணீருக்கு 4,000 முழம் கயிறு

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாம். பேப்பர், பேனா எல்லாம் வேண்டாம். மனசுக்குள்ளேயே போட்டுவிடலாம்.

ஐந்து முழம் குறுக்களவில் ஒரு குழி. அதன் உட்சுவரை ஒட்டி ஒரு கயிற்றை ஒரு சுற்று வைக்க எத்தனை முழம் தேவை? ஏறக்குறைய 15. கயிறு மூன்று விரல் தடிமன் என்பதால், ஒரு முழ ஆழத்துக்கு எட்டு முதல் பத்துச் சுற்று வரும். ஆக, ஒரு முழ ஆழத்தை முடிக்க 120-லிருந்து 150 முழம் கயிறு. குழியின் ஆழம் 30 முழம். பெருக்குங்கள். 3,600-ல் ஆரம்பித்து 4,500 வரை போகிறது. நடுவில் 4,000 என்று வைத்துக்கொள்வோம். ஒண்ணே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் கயிறு!

இவ்வளவும் எதற்கு? தோண்டின மணல் சரிந்து, தோண்டுகிறவர் தலைமேலேயே விழாமல் இருக்க. சரி, இத்தனை பாடுபட்டுத் தோண்டின குழி தினமும் எவ்வளவு தண்ணீர் தரும்? இரண்டு குடம். மிஞ்சிப்போனால் மூன்று.

நான் பி.காம். படித்தவன். இந்த ப்ராஜெக்ட்டைத் தூக்கிக்கொண்டு எந்த பேங்க் மேனேஜரிடம் போனாலும், 'உட்காருங்க தம்பி, முதல்ல தண்ணி குடிங்க' என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார். ஆனால் அந்த மூன்று குடம் தண்ணீரை நம்பித்தான் தார் பாலைவனத்தில் ஊர் ஊராக மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எல்லாம் என்னுடையது இல்லை. அனுபம் மிஸ்ரா எழுதிய 'ராஜஸ்தான் கி ரஜத் பூந்தே' என்ற இந்திப் புத்தகத்தில் இருக்கிறது. 'ராஜஸ்தானின் வெள்ளித் துளிகள்' என்று சொல்லலாம். 1995-ல் வந்தது. என் இந்தி ராஷ்ட்ரபாஷா பரீட்சையோடு நின்றுபோன இந்தி. அகராதியையும், வடக்கே பத்து வருஷம் குப்பை கொட்டின ஒரு நண்பரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. உங்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். ஆங்கிலத்தில் 'தி ரேடியன்ட் ரெயின்டிராப்ஸ் ஆஃப் ராஜஸ்தான்' என்ற பெயரில் மொழிபெயர்ப்பு உண்டு.

மிஸ்ரா இன்ஜினீயர் இல்லை. இந்திக் கவிஞர் பவானி பிரசாத் மிஸ்ராவின் மகன். டெல்லி காந்தி அமைதி நிறுவனத்தில் இருந்தவர். இவருடைய இன்னொரு புத்தகமான 'ஆஜ் பி கரே ஹைன் தாலாப்' (1993) இந்தியாவின் குளங்களைப் பற்றியது. அதற்கு அவர் காப்புரிமையே வைத்துக்கொள்ளவில்லை. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். நிறையப் பேர் அச்சடித்தார்கள். 2009-ல் மைசூரில் நடந்த டெட் மாநாட்டில் இவர் பேசிய பேச்சு இன்டர்நெட்டில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். 2016 டிசம்பரில் காலமானார்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். 'மழைநீர் சேகரிப்பு' என்றதும் தமிழ்நாட்டுக்காரர்களான நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? 2003-ல் வந்த உத்தரவு. மொட்டை மாடியிலிருந்து ஒரு பி.வி.சி. குழாய், கீழே கூழாங்கல் போட்ட ஒரு குழி, அவ்வளவுதான். மழையை நிலத்தடிக்குள் அனுப்பிவிட்டு, பிறகு போர் போட்டு எடுத்துக்கொள்கிறோம்.

தாரில் இந்த வித்தை எல்லா இடத்திலும் பலிக்காது. அங்கே பல பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பு. நல்ல மழைத்தண்ணியை அதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, பால் குடத்தைக் கடலில் கவிழ்ப்பது மாதிரி. ஆகவே அவர்களுடைய தலையாய வேலை, மழையை நிலத்தடி நீரோடு சேரவிடாமல் தனியாகப் பிடித்து வைப்பது. புத்தகத்தில் தண்ணீரை மூன்று சாதியாகப் பிரிக்கிறார்கள். நேராக மழையிலிருந்து கிடைத்து ஓடுவது, தேங்குவது 'பாலர் பானி'. ஆழத்தில் இருக்கும் கிணற்று நீர் 'பாதாள் பானி'. இரண்டுக்கும் நடுவே, மணலுக்குள் ஈரமாகத் தங்கியிருப்பது 'ரேஜாணி பானி'.

ஈரத்தை எப்படிக் குடிப்பது? அதற்குத்தான் மேலே சொன்ன குழி. கிணற்றுக்கு இந்தியில் 'குவா', ஆண்பால். இது 'குயீ', பெண்பால். குறுக்களவில்தான் சின்னவள், ஆழத்தில் இல்லை. சூரு, பிகானேர், ஜெய்சல்மேர், பார்மர் பகுதிகளில் சில இடங்களில் மணலுக்கு அடியில் ஜிப்சப் பாறை ஒரு பட்டையாக ஓடுகிறது. மேலே பெய்த மழை மணலில் இறங்கி, அந்தப் பட்டையில் முட்டி நின்றுவிடும். கீழே இருக்கிற உப்புத் தண்ணீரோடு கலக்காது. சரி, மேலே வெயிலில் ஆவியாகிப் போகாதா? மண் என்றால் காய்ந்ததும் வெடிக்கும், வெடிப்பு வழியாக ஈரம் போய்விடும். மணல் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆகவே வெடிக்காது. ஈரம் உள்ளேயே இருக்கும். குயீயைத் தோண்டினால், சுற்றியிருக்கும் மணலிலிருந்து அந்த ஈரம் துளித்துளியாகக் கசிந்து அடியில் சேர்கிறது. ஒரு நாள் முழுக்கச் சேர்ந்தால் அந்த இரண்டு மூன்று குடம்.

குயீ தோண்டுவதை விவரிக்கும் பக்கங்கள்தான் புத்தகத்தின் உயிர். உள்ளே ஒரே ஒரு ஆள். குனிந்து நிமிர இடமில்லாததால் குட்டைக் கைப்பிடி வைத்த கருவி. தலையில் பித்தளையிலோ வெண்கலத்திலோ ஒரு தொப்பி, மேலிருந்து கல் விழுந்தால் தாங்க. உள்ளே காற்றில்லாமல் புழுங்குமே? மேலே நிற்கிறவர்கள் கைப்பிடி கைப்பிடியாக மணலை அள்ளி வேகமாகக் கீழே வீசுகிறார்கள். மணல் விழும் வேகத்தில் புதுக் காற்று உள்ளே போகிறது, சூடான காற்று வெளியே வருகிறது! மண்ணைத் தோண்ட இறங்கினவன் தலையில் மண்ணை வீசியே அவனைக் காப்பாற்றுகிறார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இன்னொரு இடம். குயீ தனி ஆளுடையது. ஆனால் அது இருக்கும் நிலம் ஊர்ப் பொது. புதுசாக ஒருவர் குயீ தோண்ட வேண்டுமென்றால் ஊர் அனுமதிக்க வேண்டும். சுலபத்தில் அனுமதிக்காது. ஏனென்றால் மணலுக்குள் இருக்கும் ஈரம் ஒரே கையிருப்பு. புதுக் குயீ வந்தால் பழைய குயீகளின் பங்கு குறையும். கம்பெனி புது ஷேர் வெளியிட்டால் பழைய ஷேர்ஹோல்டருக்கு டிவிடெண்ட் குறைகிற கதைதான். இதை எங்களுக்கு மூன்று வருஷம் காலேஜில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நம்ம தெருவில் 80 அடி போர் இருந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் 300 அடி இறக்கும்போது யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டாரா? நான் பி.காம். படித்ததனால் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தோண்டின ஆட்களுக்கு 'சேஜாரோ' என்று பெயர். வேலை முடிந்ததும் கூலி கொடுத்து அனுப்பிவிடுவதோடு உறவு அறுந்துவிடாதாம். விடைபெறும்போது பரிசுகள். அப்புறம் வருஷா வருஷம் பண்டிகைக்கு, கல்யாணத்துக்கு மரியாதை. அறுவடையானால் களத்தில் அவர் பேரில் தனியாக ஒரு குவியல் தானியம். இந்த வழக்கத்துக்கு 'ஆச்' என்று பெயர். மிஸ்ரா இதை நன்றியுணர்ச்சி என்கிற தொனியில் எழுதிக்கொண்டு போகிறார். எனக்கு அது ஏ.எம்.சி.யாகத் தெரிந்தது. ஆமாம், நம் வீட்டு ஏ.சி.க்கும் ஆர்.ஓ. மெஷினுக்கும் வருஷம் ஒருமுறை பணம் கட்டுகிறோமே, அதே ஆனுவல் மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட். தோண்டினவரை ஊரோடு கட்டிப் போட்டு வைத்திருந்தால்தான் கயிறு இற்றுப்போகும்போது கூப்பிட ஆள் இருப்பார்.

இப்போதெல்லாம் வெறும் கூலி கொடுத்து வேலை வாங்குகிற வழக்கம் வந்துவிட்டது என்றும் ஒரு வரியில் சொல்லிவிட்டு மிஸ்ரா நகர்ந்துவிடுகிறார். நான் அந்த வரியில் நின்றுவிட்டேன்.

காரணம், எங்கள் அபார்ட்மென்ட். 2019 கோடையில் சென்னை எப்படித் தவித்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்போதுதான் எங்கள் அசோசியேஷன் மீட்டிங்கில் ஒரு பெரியவர் எழுந்து, 'நம்ம மழைநீர்க் குழி எங்க சார் இருக்கு?' என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ப்ளானில் இருக்கிறது, ரசீது இருக்கிறது, குழியைக் காணோம். கட்டினவர் போன் நம்பர் மாறிவிட்டது. மாதாமாதம் கணக்கில் லிஃப்ட்டுக்கு, ஜெனரேட்டருக்கு, வாசலில் க்ரோட்டன்ஸ் செடிக்கு எல்லாம் ஒரு தொகை உண்டு. குழிக்கு ஒரு பைசா கிடையாது. கிணறு காணாமல் போன காமெடியை சினிமாவில் பார்த்துச் சிரித்தவர்கள்தான் எல்லோரும்.

சரி, பாலைவனத்துக்குத் திரும்புவோம். ஜிப்சப் பட்டை இல்லாத இடங்களில் என்ன செய்வது? அங்கே 'டாங்கா'. தரையில் ஒரு வட்டத்தைச் சரிவாகச் செப்பனிட்டு, நடுவில் நிலத்துக்குள் ஒரு தொட்டி. மேலே மூடி. பெய்கிற மழை நாலா பக்கமும் சரிந்து வந்து, சுவரில் வைத்த ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கும். சரிவான அந்தத் தரைக்கு 'ஆகோர்' என்று பெயர். மழைக்கு முன்னால் அதைப் பெருக்கிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

டாங்காவின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள ஒரு சூத்திரம் போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆறு பேர் உள்ள குடும்பம், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றால் வருஷத்துக்கு 10,950 லிட்டர். 11,000 என்று வையுங்கள். ஜெய்சல்மேரில் வருஷ சராசரி மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. சென்னைக்கு 1,400 மில்லிமீட்டர் பக்கம். 200-ஐயே எடுத்துக்கொண்டு, அதில் பாதி மண்ணில் ஊறியும் ஆவியாகியும் போகும் என்றால், சதுர மீட்டருக்கு 100 லிட்டர். ஆகவே 110 சதுர மீட்டர் ஆகோர் வேண்டும். சென்னை பாஷையில் சொன்னால் அரை கிரவுண்டு. மழை பாதியாகக் குறைந்த வருஷமாக இருந்தால் ஒரு கிரவுண்டு.

11,000 லிட்டர் என்பது எவ்வளவு? நம் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் லாரியில் ஒரு லோடுகூட இல்லை. எங்கள் அபார்ட்மென்ட்டில் காலை எட்டு மணிக்கு வந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிடும். அங்கே ஒரு குடும்பத்தின் ஒரு வருஷம்.

இங்கேதான் இன்றைய மழைநீர்த் திட்டங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பத்திரிகை ஆபீசுக்கு வருகிற பளபளப்பான அறிக்கைகளைப் பல வருஷமாகப் படித்துவருகிறேன். எல்லாவற்றிலும் இத்தனை தொட்டி, இத்தனை லட்சம் லிட்டர் கொள்ளளவு, இத்தனை பயனாளிகள் என்று மூன்று எண் கண்டிப்பாக உண்டு. கொள்ளளவு என்பது காமர்ஸ்காரர்கள் 'ஆதரைஸ்டு கேபிடல்' என்று சொல்வது மாதிரி. இவ்வளவு வரை பணம் திரட்டிக்கொள்ளலாம் என்று பேப்பரில் எழுதி வைத்திருப்பது. உண்மையில் கல்லாவுக்கு வந்தது 'பெய்டு-அப் கேபிடல்'. 20,000 லிட்டர் தொட்டி கட்டி, ஆகோரை 30 சதுர மீட்டருக்குச் சுருக்கிவிட்டால் ஜெய்சல்மேரில் வருஷத்துக்கு 3,000 லிட்டர்தான் சேரும். அறிக்கையில் 20,000 என்றுதான் இருக்கும். பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

அதோடு, தொட்டிக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, போட்டோ உண்டு. ஜூன் மாதம் வெயிலில் ஆகோரைப் பெருக்குவதற்கு எதுவும் கிடையாது. மூலதனச் செலவுக்கு நூறு பேர் வருவார்கள். நடைமுறைச் செலவுக்கு ஒருத்தர் வர மாட்டார். மிஸ்ரா காட்டுகிற ஊர்களில் இது தலைகீழாக இருந்தது. களத்தில் சேஜாரோ பேரில் குவித்த தானியம் நடைமுறைச் செலவுதான். அதை ஒரு மரியாதையாகவே ஆக்கி வைத்திருந்தார்கள். இன்றைக்குத் தொட்டி கட்டித் தருகிறவர்கள் இந்தப் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு அத்தியாயம் படித்தால் போதும் என்றால், நான் குயீ அத்தியாயத்தைக் கையில் கொடுப்பேன்.

இதுவரை புகழ்ந்தாயிற்று. இனி சண்டை.

மாலை நேரம். மாடுகள் வீடு திரும்புகின்றன. ஊரே குயீகளுக்கு வருகிறது. முப்பது நாற்பது குயீகளில் ஒரே சமயத்தில் உருளைகள் சுற்றுகின்றன. மாட்டு மணிச் சத்தமும் உருளைச் சத்தமும் கலக்கின்றன. திருவிழா மாதிரி இருக்கிறது என்கிறார் மிஸ்ரா. அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் முப்பது முழ ஆழத்திலிருந்து நீர் இறைத்து, குடத்தைத் தலையில் வைத்து வீட்டுக்கு நடக்கிற பெண்ணிடம் யாராவது 'அம்மா, திருவிழா எப்படி?' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? புத்தகம் கேட்கவில்லை. எழுதினவர் ஆண். படித்துவிட்டு இரண்டு மாதம் மெய்மறந்து கிடந்த நானும் ஆண்தான். இந்தக் கேள்வியைக் கேட்டது என் மனைவி. அதுவும் அடுக்களையிலிருந்து.

இரண்டாவது சண்டை இன்னும் பெரிது. புதுக் குயீக்கு 'ஊர்' அனுமதி தர வேண்டும் என்றாரே, யார் அந்த ஊர்? ஜெய்சல்மேர் பக்கம் பாலிவால் பிராமணர்களும் மேக்வால் மக்களும் தாங்களே குயீ தோண்டினதைச் சொல்கிறார். மேக்வால் என்பது பட்டியல் சாதி. தோண்டுகிற திறமையைச் சொல்கிறவர், யார் குயீயில் யார் குடத்தை இறக்கலாம், யார் தள்ளி நின்று காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. 1927 மார்ச்சில் மகாட் ஊரில் அம்பேத்கர் ஒரு குளத்திலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததற்காகவே கலவரம் நடந்த தேசம் இது. அந்தக் குளமும் 'ஊர்' பராமரித்த குளம்தான். ராஜஸ்தானைச் சொல்லிக்காட்ட எனக்கு ஆசை இல்லை. நம்ம ஊர் டீக்கடை இரட்டைக் குவளை எனக்கு மறக்கவில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக, கயிற்றின் சுற்றைக்கூட எண்ணிச் சொன்ன மனிதர், இதை மட்டும் எண்ணாமல் விட்டது உறுத்துகிறது.

புது ரோடு போட்டு லாரிகளும் வெளியாட்களும் வர ஆரம்பித்த பிறகு குயீ மூடிகளில் பூட்டுத் தொங்க ஆரம்பித்துவிட்டது என்று வருத்தப்படுகிறார். பூட்டு இரும்பில் வந்தது அப்போதுதான். சிலருக்கு அது கண்ணுக்குத் தெரியாமல் அதற்கு முன்னாலும் தொங்கியிருக்கும் என்பது என் சந்தேகம்.

இந்தச் சந்தேகத்தோடு இன்னொரு விஷயத்தைச் சேர்த்துப் பாருங்கள். 2006-ல் தொடங்கிய நூறு நாள் வேலைத் திட்டத்தில் பார்மர் மாவட்டத்தில் ஏராளமான டாங்காக்கள் கட்டப்பட்டன. அந்தச் சட்டத்தில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் ஆகியோரின் சொந்த நிலத்தில் வேலை செய்துகொடுக்க இடம் இருந்தது. மரபைப் போற்றுகிறவர்களுக்கு இது பிடிக்காது. பொதுவில் இருந்ததைத் தனியுடைமையாக்கிவிட்டார்கள் என்பார்கள். இதில் தரக்குறைவான கட்டுமானமும் இருந்திருக்கும். ஆனால் சொந்த டாங்கா இருக்கிற குடும்பம் யார் கிணற்றுப் பக்கமும் போய்த் தள்ளி நிற்க வேண்டாம். இதை எந்த அறிக்கையின் லிட்டர் கணக்கிலும் கொண்டுவர முடியாது. மிஸ்ராவின் பொற்காலம் தராத ஒன்றை, சிமென்ட் போட்ட ஒரு சர்க்கார் தொட்டி தந்திருக்கிறது.

மூன்றாவது, சுகாதாரம். புத்தகம் முழுக்க 'இனிப்பு நீர்' என்று வருகிறது. இனிப்பாக இருப்பதெல்லாம் பாதுகாப்பானதா? இதில் மிஸ்ரா பாதி சரி. தார் பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு மட்டுமில்லை, ஃப்ளூரைடும் அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பல்லில் பழுப்புக் கறை ஏறும், மேலும் அதிகமானால் மூட்டு இறுகும், முதுகு வளையும். எலும்பு வளைந்தபின் திரும்பாது. தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கொதிக்க வைத்தாலும் ஃப்ளூரைடு போகாது. மழைநீரில் அது அநேகமாகக் கிடையாது. ஆகவே டாங்கா அந்த மக்களின் எலும்பைக் காப்பாற்றுகிறது.

வயிற்றைக் காப்பாற்றுமா என்பது வேறு கேள்வி. ஆகோர் திறந்தவெளித் தரை. ஆடு வரும், நாய் வரும், பறவை எச்சமிடும். முதல் மழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு தொட்டிக்குள் போகும். முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும், வேலி வேண்டும், வாளியை உள்ளே விடாமல் கைப் பம்பு வேண்டும், குடிக்குமுன் கொதிக்க வைக்க வேண்டும் அல்லது குளோரின் போட வேண்டும். ஃப்ளூரைடை எடுக்க வடிகட்டி வேண்டும், செலவு, பழுது. கிருமியைக் கொல்ல அடுப்பு போதும். அந்த வகையில் மழைத்தண்ணீர்தான் லாபம். ஆனால் கிருமி என்ற வார்த்தையே மிஸ்ராவின் அகராதியில் இல்லை. அவர் பிழை என்று சொல்ல மாட்டேன். இதை மட்டும் படித்துவிட்டு ஒருவர் தொட்டி கட்டப் போனால் அது பிழை.

இன்றைக்கு நிலைமை என்ன? இந்திரா காந்தி கால்வாய் மூலம் இமயமலைத் தண்ணீர் ஜெய்சல்மேர் வரை வந்து பல வருஷமாகிவிட்டது. 2019-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குழாயில் தருவதாகச் சொன்னது. தலையில் குடம் சுமந்த பெண்ணுக்கு வாசலில் குழாய் வந்தால் நான் கை தட்டுவேன், மரபு கிரபு என்று முனக மாட்டேன். ஆனால் கோடையில் கால்வாயைப் பராமரிப்புக்காக மூடுகிற வாரங்கள் உண்டு. குழாய் காய்ந்துவிடும். அப்போது டாங்காவைத்தான் திறக்கிறார்கள். பல டாங்காக்களில் இருப்பது மழையே இல்லை, டிராக்டர் டேங்கரில் காசு கொடுத்து வாங்கி ஊற்றின தண்ணீர். மழை பிடிக்கக் கட்டின தொட்டி, லாரித் தண்ணீர்க்கு குடோன் ஆகிவிட்டது. ஆகோர் உடைந்து கிடந்தாலும் டேங்கர்காரருக்கு நஷ்டமில்லை.

உங்களில் சிலர் கம்பெனிகளில் பெரிய பதவியில் இருப்பீர்கள். 2013-ன் கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பணிக்கு ஒதுக்கும்போது, ராஜஸ்தானில் தொட்டி கட்டுகிறோம் என்று யாராவது உங்களிடம் வருவார்கள். கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். செக்கில் கையெழுத்துப் போடுமுன் தொட்டி எவ்வளவு பெரிசு என்று கேட்காமல், ஆகோர் எவ்வளவு பெரிசு என்று கேளுங்கள். ஐந்து வருஷம் கழித்து ஒரு மே மாதத்தில் உள்ளே குச்சியை விட்டால் எத்தனை அடி நனையும், அதைப் போய் யார் பார்ப்பார்கள், பெருக்குகிறவருக்கு யார் சம்பளம் தருவார்கள், எந்தத் தெருவில் கட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் கொஞ்சம் நெளிவார். விடாதீர்கள்.

எங்கள் குழி என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? கிடைத்துவிட்டது. பழைய ப்ளானை விரித்து வைத்துக்கொண்டு வாட்ச்மேன்தான் கண்டுபிடித்தார். கார் பார்க்கிங்கில், ஒரு காருக்கு நேர் கீழே, டைல்ஸ் ஒட்டி மூடியிருக்கிறது. காரை எடுத்தால்தான் உடைக்க முடியும் என்று அசோசியேஷனில் நோட்டீஸ் போட்டார்கள். அந்தக் காரின் சொந்தக்காரருக்கு ஊரில் வேலை, பேட்டரி ரிப்பேர், வேறு இடம் இல்லை என்று ஏகப்பட்ட காரணங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக நகர்த்திவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.